வால்டர் பிரபுவுக்கு அம்மா தேடியவள்

எங்கள் ஊர் சர்ச்சில் ஒரு கல் மனிதர் படுத்திருக்கிறார். வால்டர் டி மெரோ பிரபு என்று பெயர். எழுநூறு வருஷமாக அதே இடத்தில், கால்மேல் கால் போட்டுக்கொண்டு, காலடியில் ஒரு கல் நாயோடு மல்லாந்து கிடக்கிறார். மூக்கு பாதி உடைந்துவிட்டது. எங்கள் ஊருக்கு ஆஸ்டன் மெரோ என்று பெயர் வந்தது அவர் வம்சத்தால்தான். அதைத் தவிர அவரால் எங்களுக்கு எந்தப் பிரயோஜனமும் கிடையாது. ஆனால் என் சிநேகிதி ஏவிஸ் ஹாட்லியின் பாதி வாழ்க்கையை அந்த மனிதர்தான் தின்று தீர்த்தார். அதனால் அவர்மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

ஏவிஸும் நானும் பள்ளிக்கூடச் சமையலறையில் ஒன்றாக வேலை பார்த்தோம். முட்டைக்கோஸை வேகவைத்துக் கொல்வதும், அண்டா நிறைய கஸ்டர்ட் கிண்டுவதும், பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்தால் முறைப்பதும் எங்கள் உத்தியோகம். ஏவிஸ் நெடுநெடுவென்று வளர்ந்தவள். ஆம்பிளைக் கைகள். அதிகம் பேச மாட்டாள். கஸ்டர்டைக் கிண்டிக்கொண்டே இருப்பாள், திடீரென்று, "பெரில், வால்டரோட அம்மா பேரு சிபில்னு இருக்குமோ?" என்பாள். ஏதோ நேற்றுச் சந்தையில் பார்த்தவளைக் கேட்பது மாதிரி.

"யாரா இருந்தா என்ன? அடி பிடிக்குது பாரு" என்பேன் நான்.

பிள்ளைகள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் 'மெரோ சீமாட்டி'. அவள் காதில் விழும்படியே கூப்பிடுவார்கள். அவளும் கரண்டியைத் தூக்கி ராணி மாதிரி கையசைப்பாள்.

இந்தப் பைத்தியம் அவளுக்கு எங்கே பிடித்தது என்று சொல்ல வேண்டுமானால் தர்சா ஹாட்லியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தர்சா எங்கள் சர்ச்சைப் பெருக்கித் துடைப்பவர். கல்யாணம் ஆகாதவர். சர்ச்சுக்குச் சொந்தமான சின்ன வீட்டில் குடியிருந்தார். எப்போதும் பித்தளை பாலிஷ் வாசனை அடிக்கும். சிரித்து யாரும் பார்த்ததில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்து சில வருஷம் கழித்து ஒரு குளிர்காலம், பர்மிங்காமில் இருந்த தங்கை ரூத்துக்கு உடம்பு சரியில்லை, கூட இருந்து கவனிக்க வேண்டும் என்று போனார். வசந்தத்தில் கைக்குழந்தையோடு திரும்பினார்.

"என் தங்கச்சி மக. ரூத்தால வளக்க முடியாது" என்றார். கொஞ்ச நாளில் ரூத் செத்துப்போனாள் என்று சேதி வந்தது.

ஊர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டது. ஆனால் அந்தக் குளிர்காலத்தில் கசாப்புக்கடைக்காரர் மனைவி பர்மிங்காம் சந்தையில் ரூத்தைப் பார்த்திருக்கிறாள். இருமிக்கொண்டு, குச்சி மாதிரி, ஒட்டிய வயிற்றோடு நின்றிருக்கிறாள் ரூத். பிள்ளைத்தாய்ச்சி அப்படி இருப்பாளா? விஷயம் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. அப்பன் யார் என்று ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். ஆனால் தர்சா எதிரே வந்தால் எல்லாரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். எங்கள் ஊரில் தெரிந்ததைத் தெரியாத மாதிரி வைத்துக்கொள்வதற்குப் பெயர்தான் மரியாதை.

குழந்தை தர்சாவை 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டு வளர்ந்தது. அந்தச் சொல்லில் எந்த மூலையிலும் அம்மா கிடையாது. தர்சா அதை ஒருநாளும் இடுப்பில் தூக்கி வைத்து நான் பார்த்ததில்லை. ஆனால் எங்களையெல்லாம்விட நல்ல சப்பாத்து போட்டிருந்தது அது.

தர்சா சர்ச்சைத் துடைக்கும்போது ஏவிஸ் வால்டரின் கல்லறை ஓரம் உட்கார்ந்து விளையாடுவாள். அந்தக் கல்லைச் சுற்றிப் பழைய லத்தீன் எழுத்து செதுக்கியிருக்கிறது. ஒருநாள் அதற்கு என்ன அர்த்தம் என்று பாதிரியாரைக் கேட்டாள். நானும் அன்று கூட இருந்தேன்.

"இங்க படுத்திருக்கிற வால்டர், பிஷப் கில்பர்ட்டோட நெப்போஸ்னு எழுதியிருக்கு கண்ணு" என்றார் பாதிரியார்.

"நெப்போஸ்னா?"

"அங்கதான் வம்பே. கூடப்பிறந்தவ மகனுக்கும் அதான் சொல்லு, பேரனுக்கும் அதான் சொல்லு."

"அப்ப இவரு யாரு?"

"யாருக்கும் தெரியாது."

"அவரோட அம்மாவுக்குக்கூடவா தெரியாது?" என்றாள் ஏவிஸ்.

தர்சா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஏவிஸ், வாளியை எடு" என்றார்.

அன்றைக்குப் பிடித்தது. பெரியவளாகி வேலைக்கு வந்த பிறகு சனிக்கிழமை தோறும் ஹெரிஃபோர்ட் டவுனுக்கு பஸ் ஏறினாள். மாலை வகுப்பில் சேர்ந்து லத்தீன் படித்தாள். பழைய ஆவணங்களை வைத்திருக்கும் அறையில் பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு பென்சிலைத்தான் தருவார்கள். அங்கே உட்கார்ந்து, ஆட்டுத்தோலில் பூச்சி ஊர்ந்த மாதிரி இருக்கும் எழுத்தைக் கண் வீங்கப் படித்துவிட்டு வருவாள். வால்டருக்கு அப்பா யாரென்று ஓரளவு தெரியும். போரில் செத்த ஒரு மெரோ. அம்மா யாரென்று எங்கேயும் இல்லை. பிஷப்பின் தங்கையா, பிஷப்பின் மகளா என்று படித்தவர்கள் அடித்துக்கொண்டார்கள். ஏவிஸ் மூன்றாவதாக ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் காலத்துப் பிஷப்புகள் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது. ஆனால் சில பேருக்குப் பிள்ளைகள் மட்டும் எப்படியோ பிறந்துவிடும். அப்படிப் பிறந்ததைக் கூசாமல் 'என் நெப்போஸ்' என்று சொல்லி வளர்ப்பார்கள். வால்டர் அந்தப் பிஷப்பின் சொந்தப் பிள்ளை, பெயருக்கு ஒரு மெரோவைத் தகப்பனாக்கினார்கள், பெற்றவளை மறைத்துவிட்டார்கள் என்பது இவள் கட்சி.

ஒருநாள் பாத்திரம் கழுவும்போது எனக்குப் பொறுக்கவில்லை. "ஏண்டி, எவனோ ஒருத்தனோட அம்மாவுக்காக இப்படி அலையறியே. நீ பதிவு ஆபீசுக்குப் போயி உன்னோட முழுப் பிறப்புச் சான்றிதழ் கேட்டா மறுநாளே குடுப்பானே" என்றேன்.

எங்கள் நாட்டில் பிறப்புச் சான்றிதழ் இரண்டு வகை. நீளமானதில் அம்மா அப்பா பெயர் இருக்கும். குட்டையானதில் பிள்ளை பெயரும் பிறந்த தேதியும் மட்டும்தான். தகப்பன் பெயர் தெரியாத பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் அவமானம் வரக்கூடாது என்று கொண்டுவந்தது. ஏவிஸிடம் இருந்தது குட்டை. அது எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

அவள் கோபப்படவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "வால்டருக்கு நான் படிச்சுத்தான் கண்டுபிடிக்கணும் பெரில். அவங்கம்மா மண்ணோட மண்ணாயிட்டா. எனக்கு அப்படியா? அடுப்படியில நின்னு உருளைக்கிழங்கு உரிச்சிக்கிட்டு இருக்காங்க. எவனோ கிளார்க் எழுதினதைப் பாத்து நான் தெரிஞ்சுக்கணுமா? அவங்க வாயால சொல்லட்டும். ஒரே ஒரு வாட்டி."

"சொல்லலைன்னா?"

"சொல்லுவாங்க."

நான் அடுத்த அண்டாவைத் தொட்டிக்குள் இறக்கினேன்.

எங்கள் ஊரில் வரலாற்றுச் சங்கம் என்று ஒன்று உண்டு. மாதம் ஒரு தடவை ஊர்க் கூடத்தில் கூடி, ஒருவர் பேச, மற்றவர்கள் தூங்கி, கடைசியில் டீ குடிப்பார்கள். அதற்குத் தலைவராகக் கத்பர்ட்சன் என்பவர் வந்தார். லண்டனில் ஓய்வு பெற்று எங்கள் ஊரில் வீடு வாங்கியவர். தங்கமான மனிதர், ஆனால் ஊருக்குப் புதுசு. வால்டரைப் பற்றி ஏவிஸ் பேச வேண்டும் என்று அவர்தான் கேட்டுக்கொண்டார். சர்ச்சில் பிரபுவைப் பற்றி ஒரு பலகை வைக்கப் போகிறார்களாம். அதில் அம்மா பெயரை எழுதுவதா வேண்டாமா என்று முடிவாக வேண்டும்.

ஏவிஸ் நீலச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாள். நன்றாகத்தான் பேசினாள். பிஷப்பின் சொந்தப் பிள்ளை என்று அவள் சொன்னபோது தூங்கினவர்கள்கூட எழுந்து உட்கார்ந்தார்கள். கத்பர்ட்சன் புன்னகையோடு கேட்டுவிட்டு ஒரு தாளை எடுத்தார். வால்டர் ஒரு மடத்துக்கு நிலம் எழுதிக்கொடுத்தபோது, 'என் அவங்குலஸ் பிஷப் கில்பர்ட்டின் ஆன்மாவுக்காக' என்று எழுதியிருக்கிறார். லத்தீனில் அம்மாவோடு பிறந்தவனுக்கு ஒரு சொல், அப்பாவோடு பிறந்தவனுக்கு வேறு சொல். எங்கள் பாஷையில் இரண்டு பேரும் அங்கிள், பக்கத்து வீட்டுக்காரரும் அங்கிள். அவங்குலஸ் என்றால் தாய்மாமன், வேறு அர்த்தமே கிடையாது.

"ஆகவே, மிஸ் ஹாட்லி, வால்டரே தன் வாயால சொல்லிட்டாரு. பிஷப் அவருக்குத் தாய்மாமன். அம்மா, பிஷப்போட தங்கச்சி. வழக்கு முடிஞ்சுது" என்றார். கைதட்டினார்கள்.

ஏவிஸ் உட்காரவில்லை. "அவருக்கு அப்படித்தான் சொல்லி வளத்திருப்பாங்க" என்றாள்.

"என்ன சொன்னீங்க?"

"பிஷப் மாமான்னு சொல்லிக் குடுத்தா அவரு மாமான்னுதான எழுதுவாரு? பிள்ளைக்கு எப்படிங்க தெரியும்?"

கத்பர்ட்சன் சிரித்துவிட்டார். கேலி இல்லை, வேடிக்கையாகத்தான் சொன்னார்: "அப்படிப் பாத்தா, மிஸ் ஹாட்லி, இந்தக் கூடத்துல யாருக்குமே தன் அம்மா யாருன்னு நிச்சயமாத் தெரியாதுன்னு ஆயிடுமே!"

கூடம் அப்படியே உறைந்துபோனது. ஒருத்தர் டீக்கோப்பைக்குள் பார்த்தார். ஒருத்தர் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். கசாப்புக்கடைக்காரர் மனைவி, இப்போது கிழவி, ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம் கத்பர்ட்சன், என்ன தப்பாகச் சொன்னோம் என்று தெரியாமல் கழுத்தைச் சொறிந்தார்.

"யாருக்காவது இன்னொரு துண்டு கேக் வேணுமா?" என்றாள் டீ ஊற்றிக்கொண்டிருந்த மிஸஸ் பியூ. எல்லாரும் வேண்டும் என்றார்கள்.

அந்த அமைதியில்தான், ஊர் முழுக்கத் தெரியும் என்பது ஏவிஸுக்கு உறைத்தது என்று நினைக்கிறேன். அவளையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது என்று அதுவரை நம்பியிருக்கிறாள். வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னிக்குக் கேட்டுடறேன். நீ கூட வா" என்றாள்.

தர்சா சமையல் மேசையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். ஏவிஸ் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"ஆன்ட்டி, நான் யாரு பொண்ணு?"

"இது என்ன கேள்வி? ரூத் பொண்ணு."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

தர்சா பார்க்கவில்லை. ஒரு பட்டாணி உருண்டு தரையில் விழுந்தது. குனிந்து தேடி எடுத்து, இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனில் துடைத்து, கிண்ணத்தில் போட்டார். "மழை வரும் போல இருக்கு. கொடியில துணி கிடக்கு பாரு" என்றார்.

எனக்கு அந்தக் கிண்ணத்தைத் தூக்கி எறியலாம் போல வந்தது. ஏவிஸ் போய்த் துணியை எடுத்தாள். அன்றைக்கு மழையும் வரவில்லை.

சர்ச்சில் பலகை வந்தது. வால்டர் டி மெரோ, தாய் சிபில், பிஷப் கில்பர்ட்டின் தங்கை என்று தங்க எழுத்தில் எழுதியிருந்தது. தங்கை என்று முடிவாகிவிட்டதாம், பெயர் மட்டும் உத்தேசமாம். அந்த உத்தேசப் பெயர் ஏவிஸ் கூட்டத்தில் சொன்னதுதான். 'உத்தேசம்' என்ற சொல்லுக்கு மட்டும் பலகையில் இடமில்லை. ஏவிஸ் அதற்குப் பிறகும் சில சனிக்கிழமைகள் பஸ் ஏறினாள். முன்பு மாதிரி முகத்தில் களை இல்லை.

பிறகு தர்சாவுக்கு நினைவு தப்ப ஆரம்பித்தது. முதலில் சாவியை மறந்தார், அப்புறம் வழியை, அப்புறம் ஏவிஸை. வால்டரின் நாயை எந்தத் துணியால் துடைக்க வேண்டும் என்பது மட்டும் கடைசிவரை ஞாபகம் இருந்தது. அடுப்பை அணைக்காமல் விட்டு வீடு பற்றிக்கொள்ளப் பார்த்த பிறகு, பக்கத்து டவுனில் முதியோர் இல்லத்தில் சேர்த்தோம். அங்கே ஏவிஸை 'ரூத்' என்று கூப்பிட ஆரம்பித்தார். மறுத்துப் பேசாதீர்கள், பயந்துகொள்வார் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அதனால் ஏவிஸ் ரூத்தாகப் போய் உட்கார்ந்திருப்பாள். என் அம்மா வேஷத்தை நான்தான் போடறேன் என்று ஒருமுறை சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானும் போயிருந்தேன். டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். தர்சா திடீரென்று ஏவிஸின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ரூத், கதவைச் சாத்து."

"சாத்தியாச்சு."

"குழந்தை தூங்குதா?"

ஏவிஸ் என்னைப் பார்த்தாள். "தூங்குது" என்றாள்.

"அவளை உன் குழந்தைன்னு சொல்லப் போறேன் ரூத். நீதான் ஊருக்கே வரப் போறதில்லையே, உனக்கு என்ன போகுது? என் வயித்துல பொறந்ததுன்னு தெரிஞ்சா சர்ச் சாவியைப் பிடுங்கிடுவாங்க. வீட்டை விட்டுத் துரத்திடுவாங்க. பிள்ளையத் தூக்கி எவனுக்காவது குடுத்துடுவாங்க."

"சரி."

"காலையில என்னைப் பாத்து சிரிச்சா ரூத். நான் திருப்பிச் சிரிக்கல. சிரிக்கக் கூடாதுல்ல? முகத்துல தெரிஞ்சிடும். போகப் போகப் பழகிடும்."

சொல்லுடி, நான்தான் அந்தப் பிள்ளைன்னு சொல்லுடி என்று மனசுக்குள் கத்தினேன்.

அவள் சொன்னாள். குனிந்து, ரொம்ப மெதுவாக, "நான் ரூத் இல்ல. நான் ஏவிஸ்" என்றாள்.

தர்சாவின் முகம் வெளுத்துவிட்டது. கையை உதறிக்கொண்டு சுவரோடு ஒண்டினார். "யாரு நீ? ரூத் எங்க? ஐயோ, கேட்டுட்டாளா? அவ கேட்டுட்டாளா?" என்று நடுங்கினார். அப்படி ஒரு பயத்தை நான் யார் முகத்திலும் பார்த்ததில்லை. டீக்கோப்பை தட்டிப் போர்வையெல்லாம் நனைந்தது.

ஏவிஸ் அவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. நான்தான், ரூத்துதான். யாரும் கேக்கல."

"அவளுக்குத் தெரியக் கூடாது ரூத். எப்பவுமே."

"தெரியாது."

"சத்தியம் பண்ணு."

"சத்தியம்."

தர்சா கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டார். நாங்கள் ஈரப் போர்வையை மாற்றிவிட்டு வெளியே வந்தோம். பஸ் நிறுத்தத்தில் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "எப்படியோ கேட்டுட்டேல்ல? அவங்க வாயாலயே சொல்லிட்டாங்கல்ல?" என்றேன்.

"சொன்னாங்க பெரில்" என்றாள் ஏவிஸ். "ரூத்கிட்ட சொன்னாங்க."

அந்த மாதமே தர்சா போய்ச் சேர்ந்தார். தூக்கத்தில்தான். எங்கள் சர்ச்சுக்கு அப்போது புதுப் பாதிரியார் வந்திருந்தார். சின்னப் பையன் மாதிரி இருப்பார், யார் கதையும் தெரியாது. அடக்கத்துக்கு முன்னால் சர்ச்சில் எங்களைப் பார்த்துப் பேச வந்தார். தர்சாவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும், குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தால் நன்றாக இருக்கும் என்றார். ஏவிஸின் முகத்தையே உற்றுப் பார்த்தார். தாடை, கண், அந்தப் பெரிய கைகள், எல்லாம் தர்சாவேதான். கண் இருக்கிற எவருக்கும் தெரியும்.

"நீங்க அவங்க மகதானே?" என்றார்.

எங்கள் ஊரில் அந்தக் கேள்வியை அவளிடம் நேராகக் கேட்ட முதல் ஆள் அவர்தான். எல்லாரும் மழையைப் பற்றிப் பேசி ஓட்டிய இத்தனை வருஷத்துக்குப் பிறகு, ஒருத்தர் கேட்டேவிட்டார். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். மறுத்துப் பேச உயிரோடு யாரும் இல்லை. சாவியைப் பிடுங்குவார்கள் என்ற பயமும் இல்லை. நான் அவள் முழங்கையை இடித்தேன்.

ஏவிஸ் சவப்பெட்டியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"இல்லைங்க" என்றாள். "நான் தங்கச்சி மக."

அவர் தலையை ஆட்டிவிட்டு, அடக்கத்தின்போது அப்படியே சொன்னார்.